சாரம் கரைந்த பிறகு

கேள்வி இதுதான்: “தோல், எலும்பு, குருத்தெலும்பு எல்லாம் ஆய்வகத்தில் வளர்க்கும் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கலைப்படைப்புகள் என்று சில படங்கள் பார்த்தேன். இவை மைக்ரோஸ்கோப் படத்துக்கு வண்ணம் ஏற்றியவையா, நிஜமாகவே உயிருள்ளவையா? உயிருள்ளவை என்றால் அருங்காட்சியகத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள்? கலை படிக்கும் எனக்கு இதில் இறங்க வழி உண்டா?”

நான் கலைஞன் இல்லை. சில வருடங்கள் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அந்த வேலையை விட்ட பிறகும் இந்தப் படைப்புகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. ஆகவே பதில் ஆய்வக மேசைப் பக்கத்திலிருந்துதான் வரும்.

முதலில் வண்ணப் படங்களை ஓரமாக வைத்துவிடலாம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் தருவது கறுப்பு வெள்ளைப் படம்தான். ஊதா நிற செல்லும் பொன்னிற நாரும் பிறகு கணினியில் ஏற்றியவை. ஒளிரும் சாயம் போட்டு எடுக்கும் படங்களிலும் எதற்கு எந்த நிறம் என்பது பெரும்பாலும் எடுப்பவரின் விருப்பம். அழகாக இருக்கும், ஆய்வக நடைபாதைகளில் மாட்டுவார்கள், போட்டிகளில் பரிசும் கிடைக்கும். எனக்கு அவற்றோடு சண்டை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் ‘உயிருள்ளவையா’ என்று கேட்டது வேறு வகையைப் பற்றி. செல்லையே பொருளாக எடுத்து, அதற்குத் தீனி போட்டு வளர்த்த படைப்புகள் இருக்கின்றன. ஆம், அவை நிஜமாகவே உயிருள்ளவை. எந்த அளவுக்கு என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பொருளைத் தெரிந்துகொண்டால் போதும். சாரம். கட்டடம் எழுப்பும்போது சுற்றிக் கட்டுவோமே, அந்தச் சாரம்.

உடலிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணாடித் தட்டில் விட்டால் தட்டோடு தட்டாக ஒரு படலமாகப் பரவும். காது மாதிரியோ மூக்கு மாதிரியோ தானாக எழும்பாது. எழும்ப வேண்டுமென்றால் ஏறிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதனால் பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகைப் பொருளில் துளைகள் நிறைந்த ஒரு பஞ்சை வேண்டிய வடிவத்தில் செய்து, அதன்மேல் செல்களை விட்டு, ஊட்டக் கரைசலில் 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கிறார்கள். செல்கள் நாரைப் பற்றிக்கொண்டு பெருகும். தங்களைச் சுற்றித் தாங்களே கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சுரந்து இடைவெளியை நிரப்பும். அதற்குள் பாலிமர் மெல்லக் கரைந்துவிடும். 1993-இல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வக்கான்டியும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ‘திசுப் பொறியியல்’ கட்டுரைதான் இந்த யோசனைக்கு ஒரு துறையின் அந்தஸ்தைக் கொடுத்தது.

கரையும் பாலிமர் என்றதும் ஏதோ மாயப்பொருள் என்று நினைக்க வேண்டாம். அதிகம் பயன்பட்ட ஒன்று பாலிகிளைகாலிக் அமிலம். அறுவை சிகிச்சையில் உள்ளே போடும், பிரிக்கத் தேவையில்லாத தையல் நூல் இருக்கிறதே, அதே சரக்குதான். ஈரம் பட்டுப் பட்டு அதன் சங்கிலி அறுந்து, சில வாரங்களில் வலுவிழந்து, சில மாதங்களில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

தமிழில் சாரம் என்றால் பிழிந்தெடுத்த சத்து என்றும் பொருள் இருக்கிறது. தற்செயல்தான். ஆனாலும் இந்தப் படைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் இரண்டு பக்கமும் இழுக்கும். வெளியிலிருந்து தாங்குவது எது, உள்ளே இருக்கும் சத்து எது என்று பிரிக்க முடியாமல் போகும் படைப்புகள்தான் என் கணக்கில் நல்ல படைப்புகள்.

இன்னும் இரண்டு விஷயம். சாரம் வெறுமனே தாங்குவதில்லை, செல்லுக்கு வழியும் சொல்கிறது. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷரின் குழு ஒரே வகை ஸ்டெம் செல்லை (வேறு பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வைத்துப் பார்த்தது. மூளை அளவுக்குக் குழைவான ஜெல்லில் வைத்தது நரம்புச் செல்லின் சாயலைக் காட்டியது, தசை அளவு விறைப்பில் வைத்தது தசையின் பக்கம் போனது, இன்னும் விறைப்பில் எலும்பின் பக்கம். வேறு எந்த ரசாயன ஆணையும் கொடுக்கவில்லை. சிற்பிகளுக்கு இது பெரிய செய்தியாக இருக்காது. கல்லின் குணம் பார்த்துத்தானே உளி வைக்கிறார்கள்.

அப்புறம் அளவு. இரத்தக் குழாய் இல்லாத திசுக் கட்டிக்குள் ஆக்சிஜன் தானாக ஊறிப் போவது ஏறக்குறைய 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். அதற்கு மேல் தடித்தால் நடுவில் இருக்கும் செல் மூச்சுமுட்டிச் சாகும். வளர்த்த படைப்புகள் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருப்பதற்குக் காரணம் இதுதான், கலைஞர்களின் அடக்கம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அதற்கு இயல்பிலேயே இரத்தக் குழாய் கிடையாது, பசியும் குறைவு. இந்தத் துறையின் பழைய படங்களில் ஏன் எங்கே பார்த்தாலும் காதாகவே இருக்கிறது என்று யோசித்திருந்தால் விடை அங்கே இருக்கிறது.

அந்தக் காதுகளில் மிகவும் பிரபலமானது ஒரு எலியின் முதுகில் இருந்தது. ரோமமில்லாத எலி, அதன் முதுகில் மனிதக் காது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜோசப் வக்கான்டியின் சகோதரர் சார்லஸ் வக்கான்டியின் குழு செய்தது, 1997-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 3 வயதுக் குழந்தையின் காதை அச்செடுத்து, அதே பாலிமர் நாரில் வார்த்து, கன்றின் குருத்தெலும்புச் செல்களை விட்டு, எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். எலி அந்தக் காதுக்கு இரத்தம் கொடுத்த தொட்டில், அவ்வளவுதான். அந்தக் காது கேட்கவும் செய்யாது. ஆனால் படம் உலகம் சுற்றியபோது பலரும் அதை மரபணு மாற்றம் என்று நம்பினார்கள். மரபணு மாற்றத்தை எதிர்த்து வெளியான ஒரு பத்திரிகை விளம்பரத்தில்கூட அந்த எலி இடம்பெற்றது. ஒரு மரபணுவைக்கூட யாரும் தொடவில்லை என்பதுதான் வேடிக்கை.

என் கருத்தில், கலை என்ற பெயர் இல்லாமலேயே இந்தத் துறையிலிருந்து வந்த முதல் கலைப்படைப்பு அந்தப் புகைப்படம்தான். அதில் மனிதக் காதின் வடிவம், மாட்டின் செல், எலி, பிளாஸ்டிக் நாலும் ஒரே உடம்பில் இருந்தன. பார்த்தவர்களின் வயிற்றைப் பிசைந்தது. செய்தவர்கள் கேட்க நினைக்காத கேள்வியை அது கேட்டது: இது உயிரா, பொருளா?

அந்தக் கேள்வியைத் தெரிந்தே கேட்டவர்கள் ஓரன் காட்ஸ், அயோனட் ஜுர் என்ற இரண்டு கலைஞர்கள். 1996-இல் ‘திசு வளர்ப்பும் கலையும்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துக்குள், உடற்கூறியல் துறையில், 2000-இல் ‘சிம்பயாட்டிகா’ என்ற கலை ஆய்வகம் உருவானது. கலைஞர்கள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைத் தாங்களே பிடிக்கக் கற்ற இடம். அதே காலகட்டத்தில் இருவரும் பாஸ்டனில் ஜோசப் வக்கான்டியின் ஆய்வகத்திலும் ஓராண்டு இருந்தார்கள்.

அவர்களுடைய முதல் பெரிய படைப்பு பொம்மைகள். குவாத்தமாலாவில் குழந்தைகளுக்குச் சின்னச் சின்னத் துணிப் பொம்மைகள் கொடுப்பார்கள். படுக்கும் முன் கவலையை அதனிடம் சொல்லித் தலையணைக்கடியில் வைத்துவிட்டால், காலையில் கவலை போயிருக்குமாம். காட்ஸும் ஜுரும் கரையும் பாலிமரைக் கையால் கத்தரித்து, அறுவை சிகிச்சைத் தையல் நூலால் இடுப்பும் கழுத்தும் கட்டி, 7 பொம்மைகள் செய்தார்கள். அவற்றின்மேல் செல்களை விட்டு, மெதுவாகச் சுழலும் கண்ணாடிக் கலனில் மிதக்க வைத்தார்கள். 2000-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ‘ஆர்ஸ் எலக்ட்ரோனிகா’ விழாவில், உயிருடன், பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு ஆங்கில எழுத்து, ஒரு கவலை: அறுதி உண்மை, உயிர்த்தொழில்நுட்பம், முதலாளித்துவம், வாய்ஜாலம், இன மேம்பாட்டுவாதம், பயம், கடைசியாக நம்பிக்கை. ‘ஜி’ எழுத்துக்குப் பொம்மை இல்லை. ஜீன், அதாவது மரபணு, எல்லாப் பொம்மைக்குள்ளும் இருக்கிறதே என்றார்கள். நம்பிக்கையையும் கவலைப் பட்டியலில் சேர்த்ததுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம். மருத்துவ ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும்.

அந்தப் பொம்மைகளின் முகம் எப்படி இருக்கும் என்றால், முகமே இருக்காது. சுருக்கிக் கட்டிய பஞ்சு உருண்டைக்குக் கீழே பிதுங்கிய உடம்பு. செல்கள் வளர வளர விளிம்புகள் மழுங்கும், நூல் கட்டியிருக்கும் இடத்தில் சதை மாதிரி ஒன்று மேடிடும், பாலிமர் கரையும் இடத்தில் தொய்வு விழும். செய்தவர்களின் கை ஒரு பக்கம், செல்லின் விருப்பம் ஒரு பக்கம். இவற்றைக் குறிக்க ‘அரை உயிர்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை அவர்களே உருவாக்கினார்கள். முழு உயிரியும் இல்லை, பொருளும் இல்லை. சூடு மாறாமல் காக்கும் இன்குபேட்டரை விட்டு வெளியே எடுத்தால் இல்லாமல் போய்விடும்.

அடுத்து பன்றியின் இறக்கைகள். ஆங்கிலத்தில் நடக்கவே நடக்காத காரியத்தைச் சொல்ல ‘பன்றி பறக்கட்டும், பார்க்கலாம்’ என்பார்கள், நாம் ‘காக்கை வெள்ளையாகட்டும்’ என்பதுபோல. மனித மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டோம், பன்றியின் உறுப்பை மனிதனுக்கு வைக்கப்போகிறோம் என்ற ஆரவாரம் உச்சத்தில் இருந்த 2000, 2001 அது. பன்றியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லால் மூன்று ஜோடி இறக்கைகள் வளர்த்தார்கள். ஒன்று பறவையின் வடிவம், ஒன்று வௌவால், ஒன்று டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவின் வடிவம். ஒரு இறக்கையின் அளவு 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், அரை செ.மீ. தடிமன். அவ்வளவு பெரிய ஆரவாரத்துக்கு அவ்வளவு சின்ன இறக்கை, பறக்கவும் பறக்காது. ஒரு வார்த்தை விமர்சனம் எழுதாமல் ஆராய்ச்சியின் விளம்பரத்தைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

2003-இல் பிரான்ஸின் நாந்த் நகரில் அவர்கள் செய்ததை முழுக் கதையாகவே சொல்ல வேண்டும். தவளையின் தசைச் செல்லைப் பாலிமரில் வளர்த்து ஒரு நாணயம் அளவுக்கு இறைச்சி. கண்காட்சி நடந்த நாளெல்லாம் அது வளர்ந்தது. பக்கத்திலேயே உயிருள்ள தவளைகள் ஒரு தொட்டியில் துள்ளிக்கொண்டிருந்தன. கடைசி நாள் அந்த இறைச்சியைச் சமைத்து விருந்து. வந்தவர்கள் கத்தியும் முட்கரண்டியுமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாலிமர் முழுதாகக் கரைந்திருக்கவில்லை. ஆகவே வாயில் பட்டது துணிமேல் ஜெல்லி தடவியதுபோல ஒன்று. சிலர் துப்பிவிட்டார்கள். துப்பியதையும் எடுத்துவைத்துப் பின்னால் காட்சிக்கு வைத்தார்கள், அது தனிக் கதை. தொட்டியில் இருந்த தவளைகளைத் தாவரவியல் பூங்காவின் குளத்தில் விட்டார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மாட்டிறைச்சிப் பர்கரை டச்சு விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன் சமைத்துக் காட்டியது 2013 ஆகஸ்டில்தான். கலைஞர்கள் பத்து வருடம் முன்னால் அதே மேசையில் உட்கார்ந்து எழுந்து போயிருந்தார்கள்.

இங்கே சாரம் கரையாமல் இருந்ததை நான் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. பல்லில் சிக்கிய அந்த நார்தான் அன்று மேசையில் இருந்த ஒரே உண்மை என்று சொல்வேன்.

இப்போது நியூயார்க் கதை. இதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தீப்பெட்டி உயரத்தில், தையல் இல்லாத ஒரு சின்னக் கோட்டு. கரையும் பாலிமரில் வடிவம், அதன்மேல் எலியின் செல்கள். மிருகத்தைக் கொல்லாமல் தோலாடை கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை போலத் தோன்றும் படைப்பு. 2004-இல் தொடங்கியது, 2008-இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘டிசைன் அண்ட் தி எலாஸ்டிக் மைண்ட்’ கண்காட்சிக்குப் போனது. கண்ணாடிக் கலனில் தொங்கிக்கொண்டு, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தீனி வாங்கிக்கொண்டிருந்தது. போகப் போக எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தது. செல்கள் பிய்ந்து குழாயை அடைத்தன, ஒரு கை தளர்ந்து தொங்கியது. கண்காட்சிப் பொறுப்பாளர் பாவோலா அன்டோனெல்லி தீனியை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த முடிவு தனக்கு எளிதாக இல்லை என்று அவரே சொன்னார். ஒரு அருங்காட்சியகம் காட்சிப்பொருளைக் கொன்றது என்று செய்தித்தாள்கள் எழுதின.

எல்லோரும் அந்தச் சாவையே பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அது என்ன சாப்பிட்டது என்பது. ஊட்டக் கரைசலில் உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலமும் மட்டும் போதாது. செல் பெருக, பெரும்பாலும் கன்றுக்கருவின் சீரம் சேர்ப்போம். சினையாக இருக்கும் பசுவை வெட்டும்போது, வயிற்றில் இருக்கும் கருவிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் இருந்து வருவது. படைப்பின் பெயர் ‘பலியில்லாத தோல்’. பலி எங்கேயும் போகவில்லை, குழாயின் மறுமுனைக்கு இடம் மாறியிருக்கிறது. காட்ஸும் ஜுரும் இதை மறைக்கவில்லை, எழுதினார்கள், பேசினார்கள். பெயரே ஒரு பொறி. பார்ப்பவர் ‘ஆஹா, யாரும் சாகவில்லை’ என்று நிம்மதியாக மூச்சுவிடும் இடத்தில் அது கடிக்கும். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் ஃப்ரீசரிலிருந்து அந்தச் சீரம் பாட்டிலை எடுத்து, உருக வைத்து, கணக்குப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பது லேபிளிலேயே இருந்தது. அந்தக் கோட்டைப் பற்றிப் படிக்கும் வரை அந்த லேபிளை நான் விலைக்காகவும் காலாவதித் தேதிக்காகவும் மட்டுமே பார்த்திருந்தேன்.

உயிரைக் காட்சிக்கு வைப்பது எவ்வளவு வம்பு என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் கரைசலில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். ஆரோக்கியமாக இருந்தால் ரோஜா நிறம். செல்கள் சாப்பிட்டுக் கழிவை விட விட அமிலமாகி ஆரஞ்சுக்கு வரும். அப்போது மாற்ற வேண்டும். ஒரு நீண்ட விடுமுறை முடிந்து வந்து இன்குபேட்டரைத் திறந்தேன். ஆறு குடுவையில் ஐந்து எலுமிச்சை மஞ்சள், உள்ளே மேகம் மாதிரி கலங்கல். புளித்த வாடை. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் என் செல்களுக்கு நடுவே பாக்டீரியா நெளிந்துகொண்டிருந்தது. நாலு மாத வேலை. பிளீச்சை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். யார் மூடியைச் சரியாக மூடவில்லை என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. நான்தான் மூடவில்லை என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. இதே வேலையைக் கூட்டம் வந்து போகும் ஒரு காட்சிக்கூடத்தில் மாதக்கணக்கில் செய்வது என்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும்.

சொந்த உடம்பையே இன்குபேட்டராக்கினால்? ஸ்டெலார்க் என்ற ஆஸ்திரேலியக் கலைஞர் அதைச் செய்தார். 2003-இல் காட்ஸ், ஜுரோடு சேர்ந்து தன் காதின் கால் பங்கு அளவில் ஒன்றை மனிதக் குருத்தெலும்புச் செல்லால் வளர்த்தார். அது அவருக்குப் போதவில்லை. 2006-இல் இடது முன்கையில், தோலுக்கடியில், முழு அளவுக் காது வடிவச் சாரத்தை வைத்துக்கொண்டார். இது கரையாத சாரம். துளைகள் கொண்ட பாலிஎத்திலீன், முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சையில் பயன்படுவது. துளைகளுக்குள் உடம்பின் திசுவும் இரத்தக் குழாய்களும் புகுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒரு மைக்ரோஃபோனும் வைத்துப் பார்த்தார்கள், வேலையும் செய்தது. ஆனால் கிருமித் தொற்று வந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. பாலிமரை ஏற்றுக்கொண்ட உடம்பு கம்பியை ஏற்கவில்லை. இந்தப் படைப்பில் என்னை நிறுத்திவைப்பது அந்த வித்தியாசம்தான். மற்றபடி ‘உடல் காலாவதியாகிவிட்டது’ என்ற அவருடைய கோஷத்தில் எனக்கு அவ்வளவாக ஒட்டுதல் இல்லை. காலாவதியான உடம்பா அப்படி ஒரு தழும்பை ஆற்றும்?

சாரத்தைக் கட்டுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே இருப்பதைக் காலி செய்து எடுக்கும் முறையும் உண்டு. 2008-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லரின் குழு ஒரு எலியின் இதயத்துக்குள் டிடர்ஜென்ட் கரைசலை ஓடவிட்டது. ஷாம்பூவில் நுரைக்காகச் சேர்க்கும் அதே வகை. செல்கள் எல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகு மிஞ்சியது, இதயத்தின் அதே வடிவத்தில் கொலாஜன் கூடு. பால் கலந்த கண்ணாடி நிறம், குழாய்கள் அப்படியே. அதில் புதிய செல்களை விட்டு 8 நாள் வளர்த்ததும் மெல்லத் துடித்தது, வளர்ந்த எலியின் இதய வேலையில் ஏறக்குறைய 2 சதவீதம். 2017-இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக்கில் இதையே பசலைக்கீரை இலையில் செய்தார்கள். பச்சை போய், டிரேசிங் பேப்பர் போல ஆன இலையின் நரம்புகளில் சிவப்புச் சாயம் ஓடும் படத்தைத் தேடிப் பாருங்கள். மனித இதயத் தசைச் செல்கள் அந்த இலையில் மூன்று வாரம் வரை துடித்தன. கனடாவின் ஒட்டாவாவில் ஆண்ட்ரூ பெல்லிங் என்ற விஞ்ஞானி ஆப்பிளை எடுத்துக்கொண்டார். காது வடிவில் செதுக்கிய ஆப்பிள் துண்டைக் கழுவி மனிதச் செல்லை வளர்த்தார். செல்லுலோஸை உடைக்கும் நொதி நம் உடம்பில் இல்லை, ஆகவே ஆப்பிளின் கூடு கரையாது, தங்கிவிடும். மருத்துவத்துக்கு இது சாதகமா பாதகமா என்பது எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒரு பழத்தின் சுவருக்குள் மனிதச் செல் குடியிருப்பது என்பதை எந்தக் கலைஞரும் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் படிப்பது கலை என்பதால் சொல்கிறேன்.

அதிகம் பகிரப்படும் படைப்பு ஒன்றைப் பற்றி எதிர்க்கருத்தும் சொல்லிவிடுகிறேன். ஏமி கார்ல் 2016-இல் செய்த கை. மனிதக் கையின் எலும்பு வடிவத்தை, எலும்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பின்னலோடு, ஜெல்லில் முப்பரிமாண அச்சிட்டு, அதில் மனித ஸ்டெம் செல்லை விட்டு எலும்பாக வளர்க்கும் திட்டம். கண்ணாடிக் கலனுக்குள் ஒளிவிடும் அந்தக் கையை யாரும் மறக்க முடியாது. ஆனால் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவது கிட்டத்தட்ட முழுதும் சாரம். எலும்பு என்பது இனி வரப்போவது. வாக்குறுதியையே படைப்பாக நிறுத்தியிருக்கிறார். விளம்பரத்தைக் கிண்டல் செய்த பன்றி இறக்கைக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. எனக்கு இறக்கைதான் பிடிக்கிறது. கையைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் பலமுறை வாதாடித் தோற்றிருக்கிறேன்.

டச்சுக் கலைஞர் ஜலிலா எசைதி 2011-இல் சிலந்தியின் பட்டு இழையை, ஆய்வகத்தில் வளர்த்த தோலின் அடுக்குகளுக்கு நடுவே வைத்துத் துப்பாக்கிக் குண்டால் சுட்டுப் பார்த்தார். வேகம் குறைத்த குண்டு நின்றது, முழு வேகத்தில் வந்தது துளைத்துக்கொண்டு போனது. படைப்பின் பெயரே குண்டின் எடையும் வேகமும்: 2.6 கிராம், நொடிக்கு 329 மீட்டர். பாதுகாப்பு என்றால் எவ்வளவு என்று எண்ணாலேயே கேட்டுவிட்டார்.

என்னை மிகவும் பாதித்தது ஜினா சார்னெக்கியின் வேலை. அப்போது லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உயிரிப்பொருள் பேராசிரியராக இருந்த ஜான் ஹன்ட்டோடு சேர்ந்து செய்தது. தன் இரண்டு மகள்களின் முகங்களைக் கண்ணாடியில் வார்த்தார். அவர்களின் வாயின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்த செல்களைப் பெருக்கி, அந்தக் கண்ணாடி முகங்களின்மேல் வளர்த்தார். முகத்தின்மேல் அவரவர் செல்லே படலமாகப் பரவி, பனி மூடியதுபோல மங்கிக் கிடக்கும். மகளின் முகத்துக்கு விடாமல் தீனி மாற்ற வேண்டும். குழந்தையோ வளர்ந்துகொண்டே போகிறாள், கண்ணாடி முகம் அந்த வயதிலேயே நிற்கிறது, செல்லுக்கோ வயதே இல்லாதது போல. இதற்கு முன்பே குழந்தைகள் கொடுத்த பால் பற்களை வைத்து ஒரு மாளிகை கட்டினார். பால் பல்லின் கூழிலும் ஸ்டெம் செல் உண்டு என்பதால். மேல்நாட்டுக் குழந்தைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் வைத்தால் ஒரு தேவதை வந்து எடுத்துப்போகும் என்பார்கள். அந்தத் தேவதைக்கு என்று எடுத்து வைக்கும் பல்லை ஆராய்ச்சிக்குக் கொடுப்பீர்களா என்ற கேள்வி அது, சின்னப் பிள்ளைகளிடமே கேட்டது.

சரி, நீங்கள் எப்படித் தொடங்குவது? வீட்டில் மனிதச் செல்லை வளர்க்க முயல வேண்டாம். கிருமியில்லாத காற்றோட்டப் பெட்டி, இன்குபேட்டர், கழிவை அழிக்கும் ஏற்பாடு, நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் அது நடக்காது, நடக்கவும் கூடாது. யாருடைய செல், அவர் ஒப்புக்கொண்டாரா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு குடுவையைக்கூடத் திறக்காதீர்கள். ஆனால் செல் இல்லாத சாரத்தோடு எவ்வளவோ செய்யலாம். இலையைக் கழுவி நரம்பை மட்டும் மிச்சப்படுத்துவது, ஜெலட்டினிலும் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டிலும் வார்ப்பது, காலாவதியான தையல் நூல் கிடைத்தால் அதை உப்புநீரில் போட்டு வாரம் ஒருமுறை படமெடுத்து அது கரைவதைப் பதிவது. கரைவதைப் பொறுமையாகப் பார்க்கப் பழகுங்கள். பிறகு ஒரு ஆய்வகத்தின் கதவைத் தட்டுங்கள். ‘உங்கள் ஆராய்ச்சியைப் படமாக வரைகிறேன்’ என்று போனால் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்பார்கள். ‘தினமும் தீனி மாற்றும்போது கூட நிற்கலாமா’ என்று கேளுங்கள். முதல் மாதம் பாத்திரம் கழுவச் சொல்வார்கள். கழுவுங்கள்.

கடைசியாக, அருங்காட்சியகத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். வைத்திருக்க முடியாது என்பதுதான் பதில். நிலைப்படுத்தும் ரசாயனத்தில் ஊறவைத்தோ உலர்த்தியோ கூட்டை மட்டும் பாதுகாக்கலாம், பன்றி இறக்கைகள் அப்படித்தான் நகைப்பெட்டிகளில் வைத்துக் காட்டப்பட்டன. உயிரோடு வைத்த படைப்புக்குக் கண்காட்சி முடியும் நாளில் ஒரு முடிவு வேண்டும். தீனி கொடுப்பவர்கள் ஊருக்குப் போகப் போகிறார்கள், அரை உயிரை எல்லை தாண்டி எடுத்துப் போக அனுமதி இல்லை. காட்ஸும் ஜுரும் கலனைத் திறந்து, படைப்பை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, வந்திருப்பவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நம் விரலில் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் போதும். அது நிஜமாகவே உயிரோடு இருந்தது என்பதைப் பலரும் அந்தத் தொடுதலில்தான் நம்பியதாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.